பாயோடு ஒட்டும் மந்திரமும் யூதர்களின் கப்பாலாவும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் ஞாயிறு வாரமலரில் யூதர்களின் மறைஞான மரபான கப்பாலா பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். கப்பாலா 5,000 வருடப் பழைமையான சூனிய வித்தையாம். அதன் சின்னம் ஆறுமுனை நட்சத்திரமாம். அந்த நட்சத்திரம் நம் முருகனின் அறுகோணச் சக்கரமேதானாம், ஆகவே யூதர்களுக்கு அதைக் கொடுத்தவர்கள் தமிழர்களாம். கடைசியில், வாசகர்கள் தங்கள் பெயரின் 'கப்பாலா எண்'ணைப் பார்த்துக்கொள்ள ஓர் அட்டவணை, கையில் சிவப்பு நூல் கட்டச் சொல்லி ஓர் ஆலோசனை. அட்டவணையில் இருந்தவை ஆங்கில எழுத்துகள்.

நான் இந்த விஷயத்தில் ஓர் ஆரம்ப மாணவன் மட்டுமே. திருக்கோவிலில் இருக்கும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியன், சைவன். என்றாலும் சூனியம் என்ற அந்த ஒரு வார்த்தைக்காகவாவது எழுதத்தான் வேண்டும் என்று தோன்றியது. மட்டக்களப்புக்குப் போனால் கவனம், மந்திரம் செய்து பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்ற பேச்சைக் கேட்காதவர் நம் பக்கத்தில் யாராவது உண்டா? எனக்கு முதல் நியமனம் வடக்கே கிடைத்தபோது ஆசிரியர் விடுதியில் இதே பகிடிதான். "திருக்கோவில் எண்டால் மட்டக்களப்புப் பக்கம்தானே, எங்களை ஒட்டிப்போட மாட்டீர்தானே மாஸ்டர்?" அப்படி ஒரு மந்திரம் எனக்குத் தெரிந்திருந்தால் மணியடிக்க முன்னமே எழும்பி ஓடும் கடைசி வாங்குப் பொடியன்களைத்தான் முதலில் ஒட்டியிருப்பேன். கண்ணகி அம்மன் குளிர்த்தியும், வாய்கட்டிப் பூசை செய்கிற பூசாரிமாரும், ஏடு பார்த்துப் படிக்கிற காவியமும் வெளியில் இருப்பவர்களுக்கு ஒரே 'மந்திரம்'தான். அந்தப் பெயரை இவ்வளவு காலமும் சுமந்த நாம், இன்னொரு சமூகத்தின் சமய நூல்களைப் பார்த்து அதே வார்த்தையை வீசலாமா?

எனக்கு இந்த ஆர்வம் வந்தது நம் மாவட்டத்துக் கடற்கரைச் சுற்றுலா இடமான அறுகம்பேயால். அங்கே வரும் இஸ்ரேலியப் பயணிகளுக்காகக் கடைகளிலும் விடுதிகளிலும் எபிரேய எழுத்தில் பலகைகள் தொங்குவது நம் மாவட்டத்தார் எல்லோருக்கும் தெரியும். 2024 ஒக்டோபரில் அமெரிக்கத் தூதரகம் அந்த இடத்தைப் பற்றி எச்சரிக்கை விட்டபின் நாடு முழுக்கத் தெரிந்துவிட்டது. பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று அறிய ஆசைப்பட்டேன். ரொட்டிக் கடையில் பக்கத்தில் இருந்த ஓர் இஸ்ரேலிய இளைஞனிடம் எழுத்துகளைக் கேட்டேன், சொல்லித் தந்தான். கப்பாலா பற்றிக் கேட்டதும் சிரித்துவிட்டான். அதெல்லாம் தாத்தாமாரின் விஷயமாம், அவனுக்குக் கடலலை போதுமாம். நம் பிள்ளைகளிடம் சிவஞானபோதத்தின் 12 சூத்திரங்களைக் கேட்டாலும் இதே சிரிப்புத்தான் வரும், அதனால் எனக்குக் கோபம் வரவில்லை.

எழுத்துகளின் பெயர்கள் பக்கத்து வீட்டு வேதாகமத்திலேயே கிடைத்தன. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் 119-ஆம் சங்கீதத்தைத் திறந்து பாருங்கள். ஆலெப், பேத், கிமெல் என்று பகுதிக்குப் பகுதி தலைப்புப் போட்டிருக்கும். பகுதிக்கு 8 வசனமாக 22 பகுதிகள், மொத்தம் 176 வசனங்கள். எபிரேய மூலத்தில் ஒவ்வொரு பகுதியின் எட்டு வசனங்களும் அந்தந்த எழுத்திலேயே தொடங்குகின்றன. இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு அக்கரைப்பற்றில் இருக்கும் என் நண்பரிடம் போனேன். அரபு கற்பித்து ஓய்வுபெற்றவர். முதலில் முகம் சுளித்தார். "இந்த நேரத்திலயா சேர் இதைப் படிக்கிறீங்க?" என்றார். காஸா செய்திகளை நாளும் பொழுதும் பார்த்துக்கொண்டிருக்கிற மனிதர் வேறெப்படிக் கேட்பார்? ஆனால் தாளைப் பார்த்ததும் அவருக்குள் இருந்த ஆசிரியர் விழித்துக்கொண்டார். அலிஃப் ஒன்று, பே இரண்டு, ஜீம் மூன்று, தால் நான்கு என்று அப்ஜத் கணக்கைச் சொல்லத் தொடங்கினார். எபிரேயத்தின் 22 எழுத்துகளுக்கும் 1 முதல் 400 வரை உள்ள பெறுமானங்கள் அரபு அப்ஜத்திலும் அதே வரிசையில் வருகின்றன. அரபு மேலும் ஆறு எழுத்துகளைச் சேர்த்து 1000 வரை போகிறது. நம் பக்கத்துக் கடைகளிலும் லொறிகளிலும் நாம் தினமும் பார்க்கும் 786, பிஸ்மில்லாஹ் வாசகத்தின் எழுத்துகளை இந்தக் கணக்கில் கூட்டி வருவது.

யூதர்கள் இதை கெமத்ரியா என்கிறார்கள். அவர்கள் அதை என்ன செய்தார்கள் என்பதற்கு ஓர் உதாரணம். 'ஒன்று' என்பதற்கான எபிரேயச் சொல்லின் கூட்டுத்தொகை 13. 'அன்பு' என்பதற்கானதும் 13. இரண்டும் சேர்ந்தால் 26, அது கடவுளின் நான்கெழுத்துப் பெயரின் தொகை. இதைக் கொண்டு ஒரு வசனத்துக்கு விளக்கம் சொல்வார்கள், ஒரு பிரசங்கம் செய்வார்கள். எந்தத் திகதியில் கடை திறக்கலாம் என்று பார்ப்பதற்கானது அல்ல இந்தக் கணக்கு. கணித ஆசிரியனாக நான் ஒன்று சொல்லிவிடுகிறேன். போதுமான சொற்களை எடுத்துக்கொண்டால் எந்தத் தொகைக்கும் சோடி கிடைக்கும், அதை நிரூபணம் என்று நான் ஏற்கமாட்டேன். என்றாலும் எபிரேய எழுத்துக்கு உரிய கணக்கை ஆங்கில எழுத்தில் போட்டு, நம் தமிழ்ப் பெயர்களுக்குப் பலன் சொல்வதைவிட அது எவ்வளவோ நேர்மையானது.

என்னைப் பிடித்து இழுத்தது வேறு கணக்கு. கப்பாலாவின் மூல நூல்களில் மிகச் சிறியது செஃபெர் யெட்சிரா, அதாவது படைப்பைப் பற்றிய நூல். சில பக்கங்கள்தான். எப்போது எழுதப்பட்டது என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை. ஆனால் சாதியா காவோன் என்ற யூதப் பேரறிஞர் 931-இல் அதற்கு உரை எழுதிவிட்டார், அதுவும் அரபு மொழியில் (இதைச் சொன்னபோது நண்பரின் முகத்தைப் பார்க்கவேண்டும்). கடவுள் உலகத்தைப் பத்து செஃபிரோத் எனும் அடிப்படை எண்களாலும் 22 எழுத்துகளாலும் படைத்தார், ஆக ஞானத்தின் வழிகள் 32 என்கிறது நூல். எழுத்துகளைச் சோடி சோடியாகச் சேர்த்தால் 231 வாசல்கள் என்கிறது. 22-ஐ 21-ஆல் பெருக்கி இரண்டால் பிரித்துப் பாருங்கள், சரியாக 231. பிறகு இன்னொரு இடம். எழுத்துகளைக் கல் என்றும் சொற்களை வீடு என்றும் வைத்துக்கொண்டு, இரண்டு கல் இரண்டு வீடு கட்டும், மூன்று கல் ஆறு, நான்கு கல் 24, ஐந்து 120, ஆறு 720, ஏழு 5040, அதற்கு மேல் வாயால் சொல்லவோ காதால் கேட்கவோ முடியாததை நீயே போய்க் கணக்கிடு என்கிறது. உயர்தர வகுப்பில் வரிசைமாற்றம் என்று இத்தனை வருடம் கரும்பலகையில் எழுதிய விஷயம்! ஒரு பழைய பக்திநூலின் நடுவில் அது உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, கைத்தொலைபேசியை வைத்துவிட்டு முற்றத்தில் இரண்டு சுற்று நடந்தேன். நூல் முழுவதும் செஃபாரியா என்ற இணைய நூலகத்தில் ஆங்கில மொழிபெயர்ப்போடு இலவசமாக இருக்கிறது.

5,000 வருடம் என்ற கணக்குக்கு வருவோம். கப்பாலாவின் பெருநூல் ஸோஹர். அது இரண்டாம் நூற்றாண்டு ரபி (யூத மதகுரு) ஷிமோன் பார் யோகாய் பெயரில் இருக்கிறது. ஆனால் வெளிவந்தது 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில், ஸ்பெயினின் காஸ்டீல் பகுதியில். பரப்பியவர் மோசே தே லியோன், 1305-இல் காலமானவர். அவருக்குப் பின் ஆக்ரே நகரத்து ஐசக் என்பவர் மூலப் பிரதியைத் தேடிப் போனபோது, ஒரு செல்வந்தர் அந்தப் பிரதியைத் தந்தால் உன் மகளை என் மகனுக்கு எடுக்கிறேன் என்று மோசேயின் விதவையிடம் ஆசை காட்டியிருக்கிறார். மூலம் என்று ஒன்று இல்லை, என் கணவர் தன் தலையிலிருந்துதான் எழுதினார், தன் பெயரில் எழுதினால் யார் மதிப்பார் என்றார் என்று அந்த அம்மா சொன்னதாகக் குறிப்பு இருக்கிறது. இதைச் சந்தேகத்தோடு பார்த்தவர்களும் உண்டு. ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்துக் கெர்ஷோம் ஷோலம் 1941-இல் வந்த தன் புத்தகத்தில், நூலின் அரமாய மொழியை அலசி, பெரும்பகுதியை எழுதியவர் மோசே தே லியோன்தான் என்று வாதிட்டார். ஒருவர் அல்ல, ஒரு குழுவே எழுதியது என்பது பின்வந்த சிலரின் கருத்து. அகத்தியர் பெயரில் எத்தனை வைத்திய ஏடு, எத்தனை சோதிட ஏடு என்று பார்த்துப் பழகிய நமக்கு இதில் அதிர்ச்சி ஒன்றும் இல்லை. பெயர் யாருடையதாக இருந்தால் என்ன, கலிலேயாத் தெருக்களில் ரபியும் தோழர்களும் வேதம் பேசிக்கொண்டே நடப்பதும், வழியில் கழுதை ஓட்டிவரும் கிழவர் ஒருவர் அவர்களை மடக்கிப் பெரும் ஞானியாக வெளிப்படுவதும் அருமையான இலக்கியம். பத்து செஃபிரோத்தும் கடவுளின் பத்து முகங்கள்போல அதில் நடமாடுகின்றன. அவற்றுக்கு அப்பால் பெயரோ குணமோ சொல்லமுடியாத முடிவிலி, ஐன் சோஃப்.

நட்சத்திரம் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஷோலமே அதன் வரலாற்றைத் தனிக் கட்டுரையாக எழுதியிருக்கிறார். ஆறுமுனை வடிவம் பல மக்களிடம் அலங்காரமாகவும் தாயத்துச் சின்னமாகவும் இருந்தது. அது யூதர்களுக்கென்றே உரிய பொதுச் சின்னமாகப் பரவியது 19-ஆம் நூற்றாண்டில்தான். இரண்டு முக்கோணங்களை ஒன்றன்மேல் ஒன்று தலைகீழாக வைப்பதற்கு ஒருவர் இன்னொருவரிடம் கற்கவேண்டியதில்லை, மட்டத்தடியும் பென்சிலும் கிடைத்த எந்தப் பிள்ளையும் செய்யும். சித்திர வேலாயுதரின் ஊரில் பிறந்த நான் முருகனின் சக்கரத்தைக் குறைத்துச் சொல்வேனா? அதற்கு யூதர்களின் அத்தாட்சி தேவையில்லை என்றுதான் சொல்கிறேன்.

நாற்பது வயதுக்கு முன் கப்பாலாவைத் தொட்டால் பைத்தியம் பிடிக்கும் என்றும் கட்டுரை சொன்னது. பயமுறுத்தல் அவர்கள் மரபிலும் உண்டு. நால்வர் தோட்டத்துக்குள் நுழைந்தார்கள், ஒருவர் இறந்தார், ஒருவர் புத்தி பேதலித்தார், ஒருவர் மார்க்கத்தை விட்டார், ரபி அகிவா மட்டும் அமைதியோடு உள்ளே போய் அமைதியோடு வெளியே வந்தார் என்று யூதர்களின் பழைய சமயத் தொகுப்பான தல்மூதில் ஒரு கதை. ஆனால் வயதுக் கட்டுப்பாடு ஒரு வரலாற்று விவகாரம். இஸ்மிரில் 1626-இல் பிறந்த சபத்தாய் செவி என்பவரை 1665-இல் காஸாவில் இருந்த நாதன் என்ற இளம் கப்பாலா அறிஞர் மெசியா (யூதர்கள் காத்திருக்கும் மீட்பர்) என்று அறிவித்தார். யூத உலகமே கொந்தளித்தது, புனித நாட்டுக்குப் போக வீடு வாசலை விற்றவர்களும் உண்டு. அடுத்த வருடமே அந்த மெசியா ஒட்டோமான் சுல்தானின் முன்னிலையில் இஸ்லாத்தைத் தழுவிவிட்டார். அதன் எச்சமாக வேறு குழுக்களும் கிளம்ப, அன்றைய போலந்தின் பிரோடி நகரில் கூடிய ரபிகள் 1756-இல் 30 வயதுக்கு முன் ஸோஹர் படிக்கக்கூடாது, 40-க்கு முன் 16-ஆம் நூற்றாண்டுக் கப்பாலா ஞானி லூரியாவின் போதனைகளைத் தொடக்கூடாது என்று தடை போட்டார்கள். இதில் ஒரு வேடிக்கை, லூரியா இறந்ததே 38 வயதில். அந்தச் சட்டப்படி லூரியாவைப் படிக்க லூரியாவுக்கே வயது காணாது.

அந்த லூரியாவைப் பற்றி ஒரு வரிகூடக் கட்டுரையில் இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய மனக்குறை. ஐசக் லூரியா 1534-இல் ஜெருசலேமில் பிறந்து எகிப்தில் வளர்ந்தவர். வியாபாரமும் செய்தவர். 1570-இல் கலிலேயா மலையில் உள்ள ஸாஃபெத் நகருக்கு வந்தார், 1572-இல் கொள்ளைநோயில் போய்விட்டார். தானாக எழுதியது மிகச் சொற்பம், சீடர் ஹயீம் விட்டால் எழுதிவைத்ததே நமக்குக் கிடைக்கிறது. அவர் சொன்ன படைப்புக் கதை இது. எங்கும் நிறைந்திருந்த முடிவிலி, உலகத்துக்கு இடம் விடுவதற்காகத் தன்னைத் தானே ஒடுக்கிக்கொண்டது. அந்த வெளிக்குள் பாய்ந்த ஒளியைத் தாங்கக் கலங்கள் இருந்தன. கீழுள்ள கலங்கள் தாங்கமாட்டாமல் உடைந்தன. ஒளிப்பொறிகள் சிதறிக் கோதுகளுக்குள் சிக்கிக்கொண்டன. மனிதன் செய்யும் ஒவ்வொரு நற்கருமமும், ஒவ்வொரு பிரார்த்தனையும், ஒழுங்காக உண்ணும் ஒரு கவளமும்கூட ஒரு பொறியை மேலே தூக்கிவிடுகிறது. செப்பனிடும் வேலை மனிதனிடம் விடப்பட்டிருக்கிறது.

1492-இல் ஸ்பெயினிலிருந்து யூதர்கள் துரத்தப்பட்டார்கள், அகதிகளில் பலர் ஒட்டோமான் நாடுகளுக்கு வந்தார்கள், ஸாஃபெத்தும் அப்படி நிறைந்த ஊர். அந்த அடியிலிருந்துதான் உடைந்த கலங்களின் கதை பிறந்தது என்றார் ஷோலம். மொஷே இடெல் போன்ற பிற்கால அறிஞர்கள் அதை ஏற்கவில்லை. வாதத்தில் யார் வென்றார் என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் 2004 சுனாமியில் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு, அதற்கு முன் முகாம்களையும் பார்த்துவிட்டு, அந்தப் பக்கங்களை வாசிக்கும்போது ஷோலத்தின் பக்கம் மனம் சாய்வதை என்னால் தடுக்க முடியவில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். ஸாஃபெத்தில் இவர்கள் யாரும் சட்டத்தை விட்டு ஓடிய சித்தர்கள் அல்லர். யூதச் சமயச் சட்டத்தின் பெரிய தொகுப்பை எழுதிய யோசேப் காரோ அதே ஊரில் அதே காலத்தில் இருந்தவர், அவரும் மறைஞானி. ஷ்லோமோ அல்காபெட்ஸ் ஓய்வுநாளை மணப்பெண்ணாக வரவேற்று எழுதிய பாடல் இன்றும் வெள்ளி மாலையில் தொழுகைக்கூடங்களில் பாடப்படுகிறது. நாள் ஒழுக்கமும் உணவு விதியும் பிரார்த்தனையும்தான் கப்பாலாவின் நிலம். அதைக் கழற்றிவிட்டு சிவப்பு நூலை மட்டும் எடுத்தால் என்ன மிஞ்சும்? தாயத்தும் நாமங்களை எழுதிக் கட்டுவதும் அவர்களிடம் இருந்தது உண்மை, மறைக்கவேண்டியதில்லை. நம் வீட்டுப் பிள்ளைகளின் இடுப்பிலும் அச்சரக்கூடு தொங்கியதுதானே. அதை வைத்து யாராவது சைவம் முழுவதும் இதுதான் என்று எழுதினால் நாம் சும்மா இருப்போமா?

நம்மிடமும் இருக்கிறதே என்ற எண்ணம் வாசிக்க வாசிக்க வரத்தான் செய்யும். மூன்று தாய் எழுத்துகளைக் காற்று, நீர், நெருப்பு என்றும் நெஞ்சு, வயிறு, தலை என்றும் செஃபெர் யெட்சிரா பொருத்துவதைப் பார்த்தவுடன் எனக்குத் திருமூலரும் அஞ்செழுத்தும்தான் ஞாபகம் வந்தன. நண்பருக்குச் சூஃபி ஞானி இப்னு அரபியின் நினைவு வந்தது. இந்தப் பழக்கம் வாசிக்கத் தைரியம் தருகிறது, நல்லது. ஆனால் உடனே பத்து செஃபிரோத்தை 36 தத்துவங்களோடு கோடு போட்டு இணைக்கத் தொடங்கினால் இரண்டையும் இழந்துபோவோம். நான் ஒரு தாளில் அப்படி ஓர் அட்டவணை தொடங்கி, மூன்றாவது வரியில் கிழித்துப் போட்டேன்.

இஸ்ரேல் அரசைப் பற்றி எனக்கும் கோபம் உண்டு, அதை மறைக்கவில்லை. அறுகம்பேயில் நிலமும் தொழிலும் யார் கைக்குப் போகிறது என்று பொத்துவில் மக்கள் கேட்பதும் நியாயமான கேள்வி. அதைப் பேச உங்கள் செய்திப் பக்கங்கள் இருக்கின்றன. ஆனால் காஸ்டீலிலும் கெய்ரோவிலும் ஸாஃபெத்திலும் கிறிஸ்தவ, முஸ்லிம் ஆட்சிகளின்கீழ் வாழ்ந்த மனிதர்களின் நூல்களை இன்றைய அரசொன்றின் குற்றப்பத்திரிகையில் சேர்ப்பது எந்த நீதி? இதை என் நண்பரிடமும் சொன்னேன். முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஷோலத்தின் புத்தகத்தை (கனடாவில் இருக்கும் மகள் அனுப்பியது) வாங்கிக்கொண்டு போனவர் இன்னும் திருப்பித் தரவில்லை.

ஆர்வம் உள்ள இளம் வாசகர்களுக்கு ஒன்று சொல்வேன். ஸோஹரில் தொடங்காதீர்கள், தலை சுற்றும். முதலில் யூதர்களின் நாள்வாழ்க்கை, பண்டிகைகள், வேதம் பற்றிக் கொஞ்சம் வாசியுங்கள். பிறகு ஷோலம். பிறகு செஃபெர் யெட்சிரா. ஸோஹர் வேண்டுமென்றால் டானியல் மாட் முன்னின்று 12 தொகுதிகளில் கொண்டுவந்த ஆங்கில மொழிபெயர்ப்பின் அடிக்குறிப்புகளோடு, ஆறுதலாக. இணையத்தில் காசு வாங்கிக்கொண்டு ஒரு மாதத்தில் இரகசியம் சொல்லித் தருகிறோம் என்பவர்களிடம் போகவேண்டாம்.

கட்டுரையின் இரண்டாம் பகுதி அடுத்த கிழமை வரும் என்று போட்டிருக்கிறீர்கள். ஸோஹர் 13-ஆம் நூற்றாண்டில் வெளிவந்தது என்ற திருத்தத்தை அதில் சேர்த்துவிடுங்கள். ராசி எண் அட்டவணை வேண்டாம். இடம் காலியாக இருக்குமென்றால் 22 எழுத்திலிருந்து 231 எப்படி வருகிறது என்ற கணக்கைப் போடுங்கள், உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்காவது உதவும்.

இங்ஙனம்,
ஓய்வுநிலைக் கணித ஆசிரியர்,
திருக்கோவில்.